பிரேக் போடாத காத்தாடியும் எங்கள் ஹாரன்காரரும்

கோபப்படுவதற்கென்று ஒரு அரசாங்க உத்தியோகம் இருந்திருந்தால், பரீட்சை எழுதாமலே எங்கள் ஹாரன்காரருக்கு அது கிடைத்திருக்கும். காலையில் பல் விளக்கும்போதே வேப்பங்குச்சியைத் திட்டுவார். கசக்கிறதாம். இனிக்கிற வேப்பங்குச்சியைக் கொடுத்தால் அதையும் திட்டுவார். கலப்படமாம்.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற ரோட்டில் என் பஞ்சர் கடைக்கு அடுத்த கடை அவருடையது. லாரிக்கு ஏர் ஹாரன் மாட்டுவார். ஊமையாகிப் போன ஹாரனுக்கு வைத்தியம் பார்ப்பார். மாட்டியதும் அடித்துப் பார்க்காமல் வண்டியை விடமாட்டார். ஒரு தடவை அடித்தால் மனசும் ஆறாது. காலமெல்லாம் இப்படி அடித்துப் பார்த்ததில் அவருடைய காது பாதி போய்விட்டது. போனது ஊரார் காது என்று நினைத்துக்கொண்டு எல்லோரிடமும் கத்தியே பேசுவார். ஒரு நாள் தன் மனைவி பாப்பாத்தி அத்தையிடம் ரகசியமாக, "ஏம்புள்ள, பஞ்சர் கடைக்காரனுக்கு டீ குடுக்காத, குடிச்சுட்டு இங்கியே குந்திக்குவான்" என்று காதோடு காதாகச் சொன்னார். எதிர்ச்சாரி பேக்கரியில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு அங்கேயே குந்திக்கொண்டேன்.

உறவு ஒன்றும் கிடையாது. அவரை நான் மாமா என்பேன், என்னை அவர் மாப்ள என்பார். பக்கத்துக் கடை என்றால் எங்கள் பக்கம் அதுவே போதும்.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கை. நகர்கிற எதற்கும் முன்னால் ஹாரன், பின்னால் சிவப்பு லைட், நடுவில் பிரேக் இருக்க வேண்டும். இதில் மனிதன், மாடு, சாமி என்ற பேதமே அவருக்குக் கிடையாது. தன்னுடைய எருமையின் பின்பக்கத்தில் லாரிக்கு ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் சிரித்தது. சிரித்தாலும் அந்த எருமையை மட்டும் எந்த வண்டியும் இடித்ததில்லை. இன்னொரு நாள், சவ ஊர்வல வண்டியையே நடு ரோட்டில் மறித்து, பிரேக் லைட் எரியவில்லை என்று சண்டை.

"ஏனுங்க, சாவு வண்டிங்க, விடுங்க" என்று கெஞ்சினான் டிரைவர்.

"உள்ள இருக்கறவனுக்கு இனி ஒண்ணும் ஆவாது சாமி! பின்னால வர்றவன் உசுரோட வர்றானே, அவனுக்கு யாரு சொல்றது?"

பல்பு மாற்றிய பிறகுதான் பிணம் சுடுகாட்டுக்குப் போனது. அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்களில் இரண்டு பேர் அழுகையை நிறுத்திவிட்டு அவருக்கு நன்றி வேறு சொன்னார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் இருக்கிற ஊருக்குத்தான் காற்றாலை வந்தது.

முதலில் றெக்கை வந்தது. ஒரு டிரெய்லரில் எங்கள் தெருவைவிட நீளமாகப் படுத்துக்கொண்டு வந்து, முக்கில் திரும்ப முடியாமல் எங்கள் கடைகளுக்கு எதிரே நின்றது. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"மாப்ள, இதுக்கு ஹாரன் எங்கடா?"

"மாமா, இது வண்டி இல்லீங்க. காத்தாடி றெக்கைங்க."

"நகருமா, நகராதா?"

"சுத்துங்க."

"ரயில் எஞ்சினாட்டம் இருக்கற சாமானம் ஆகாசத்துல சுத்துது, அதுக்கு ஒரு ஹாரன் இல்லீனா எதுக்கால வர்றவன் என்ன பண்ணுவான்?"

"மேல யாருங்க எதுக்கால வரப் போறாங்க?" என்று நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிப்பு நன்றாகத்தான் வந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காத்தாடி வேண்டாம் என்று மாமா ஒரு நாளும் சொன்னதில்லை. கரியை எரித்துக் கரண்டு எடுப்பதைவிட இது எவ்வளவோ தேவலை என்றே சொல்வார். "காத்து சும்மாதான வருது, வாங்கிக்கட்டும்" என்பார். அவர் சண்டை காற்றோடு அல்ல, பிரேக்கோடு.

நான்கு காத்தாடிகளை நட்டார்கள். மாமாவின் சோளக்காட்டுக்கு மேற்கே ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி. மேட்டின் மேல் வரிசையாக நான்கு. ஆடி மாதம் காற்று அடித்த அடியில் நாலும் பேய் பிடித்தவை போலச் சுற்றின. பார்க்க நன்றாகவே இருந்தது. கல்யாண போட்டோ எடுக்க ஜோடி ஜோடியாக வந்தார்கள்.

தீபாவளி முடிந்ததும் சோளக்குருவி வந்தது.

இந்தக் குருவியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: உடம்பு ரோஸ், தலை கறுப்பு, வயிறு மட்டும் நாமக்கல் லாரி. எத்தனை லோடு ஏற்றினாலும் தாங்கும். இமயமலைக்கு அந்தப் பக்கம் எங்கிருந்தோ வருஷா வருஷம் வரும். கதிர் பால் பிடிக்கிற நேரம் அதற்கு யார் போன் போட்டுச் சொல்கிறார்களோ தெரியாது. பகலெல்லாம் காடுகாடாக மேய்ந்துவிட்டு, சாயங்காலம் மொத்தமும் ஒன்றுசேர்ந்து, ஏரிக்குள் இருக்கிற வேலாமரங்களுக்குத் தூங்கப் போகும். வானத்தில் யாரோ கறுப்புத் துணியை உதறுகிற மாதிரி இருக்கும்.

சோளம் போட்டவன் அழகையா பார்ப்பான்? பரண் மேல் ஏறித் தகரத்தைத் தட்டுவான். குருவிகள் தகரத்துக்கு எப்போதோ பழகிவிட்டன. தாளம் சரியில்லை என்று வேண்டுமானால் பறந்து போகும்.

இங்கேதான் மாமா தன் வாழ்நாள் கண்டுபிடிப்பைச் செய்தார். பழைய லாரியின் காற்றுத் தொட்டியைக் கழற்றி, அதன் மேல் மலைப்பாதை லாரிக்கு மாட்டுகிற ஏர் ஹாரனைப் பொருத்தி, தள்ளுவண்டியில் வைத்துக் காட்டுக்குள் கொண்டுபோனார். சாயங்காலம் குருவிகள் கடைசிப் பந்திக்குக் கூடுகிற நேரம் பார்த்து ஒரே அமுக்கு. மாமாவின் காட்டிலிருந்து மட்டுமல்ல, அடுத்த ஏழெட்டுக் காட்டிலிருந்தும் குருவிகள் வெடிகுண்டு போட்ட மாதிரி மேலே கிளம்பின. பக்கத்துக் காட்டுக்காரரும் கிளம்பினார், வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

அந்த வாரமே ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு குருவி ஹாரன் கேட்டார்கள். மாமா செய்து கொடுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஐந்தரை ஆனால் எங்கள் ஊர், மூடிய ரயில்வே கேட் முன்னால் லாரிகள் மாட்டிக்கொண்ட மாதிரி அலறும். மாமா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஒரே ஒரு வாரம் அவர் குருவியைத் தவிர யாரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையோ என்று அத்தை பயந்துபோனார்.

பிறகு ஒரு காலை, மேட்டுப் பக்கம் எருமையைக் கட்டப் போன அத்தை, அதைக் கட்டாமலே திரும்பி வந்தார். முந்தானையில் எதையோ அள்ளிக்கொண்டு வந்து கடை மேஜையில் கொட்டினார். குருவிகள். றெக்கை பிய்ந்தது, தலை இல்லாதது, ஒன்று பாதிதான் இருந்தது.

"காத்தாடிக்குக் கீழ கெடக்குதுங்க. இது கொஞ்சந்தான். அங்க நாயி திங்குது."

மாமா ஒரு குருவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நேற்று சாயங்காலம்வரை இதே குருவியின் ஏழு தலைமுறையையும் திட்டிய வாய்.

"வாடா மாப்ள" என்றார்.

மேட்டடியில் ஒரு கண்டெய்னர் பெட்டிக்குள் சைட் இன்ஜினியரின் ஆபீஸ். ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், என் வயசுதான் இருக்கும். மாமா கதவைத் தட்டவில்லை. கதவுக்கு வெளியிலிருந்தே ஆரம்பித்தார்.

"ஏனுங்க தம்பி! உங்க காத்தாடிக்குப் பிரேக் இருக்குதா, இல்லியா?"

"இருக்குங்க ஐயா. பட்டன அமுக்குனா நின்னுடும்."

"அப்ப சாயங்காலம் குருவி போற நேரத்துக்குச் சித்த அமுக்கறது!"

"எனக்கு அனுமதி இல்லைங்க. மெட்ராஸ்ல இருந்து சொல்லணும்."

மாமாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "பிரேக் போடறதுக்கு அனுமதியா? நம்ம லாரிக்காரனெல்லாம் மொதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுப் பிரேக் அமுத்துனா, இந்த ரோட்டுல ஒரு மனுசன் மிஞ்சுவானா? பிரேக்க எதுக்குய்யா வெச்சிருக்கீங்க, பூஜை பண்றதுக்கா?"

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான்.

"ஐயா, கோச்சுக்காதீங்க. நான் தெனமும் இங்க இருந்து பாக்கிறேன். அதுங்கபாட்டுக்குப் போனா, தாழப் பறந்து றெக்கைக்குக் கீழயே மேட்டத் தாண்டிப் போயிடுது. ஏதோ ஒண்ணு ரெண்டுதான் அடிபடும். நீங்கல்லாம் ஹாரன் அடிச்சீங்கன்னா மொத்தமும் அலறி நேரா மேல எழும்புது. எழும்பினா றெக்கை ஒசரம். அப்பதான் கொத்துக் கொத்தா விழுது."

நான் மாமாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் ஒருவரைத் திட்டிக்கொண்டே வந்தார். முட்டாள் என்றார், பாவி என்றார், செவுட்டு மூதேவி என்றார். பாதி தூரம் வந்த பிறகுதான் அவர் தன்னைத்தான் திட்டிக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அதிலும் அவர் குறை வைக்கவில்லை.

அன்றைக்கே தன் குருவி ஹாரனைக் கழற்றினார். ஊரில் மற்றவர்களிடம் கழற்றச் சொன்னார். ஊர் சிரித்தது.

"நீங்க கழட்டுனா உங்க காட்டுல திங்குட்டும். எங்க காட்டுல எதுக்குங்க திங்கோணும்?" என்றார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிய அதே பக்கத்துக் காட்டுக்காரர்.

"காத்தாடிக்காரன் நிறுத்துனா நாங்களும் நிறுத்தறோம்" என்றார்கள் மற்றவர்கள். காத்தாடிக்காரனைக் கேட்டால், இங்கே பறவையே இல்லை என்றான்.

அதைக் காத்தாடிக் கம்பெனிக்காரர்கள் சொன்ன இடம் எங்கள் ஊர் சமுதாயக் கூடம். இன்னும் கொஞ்சம் காத்தாடி நடப்போகிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று கூட்டம் போட்டார்கள். எங்கள் கருத்துக்கு முன்னால் எங்களுக்கு பிஸ்கட் வந்தது. மெட்ராஸிலிருந்து வந்த பெரிய அதிகாரி திரையில் படம் காட்டினார். பசுமை என்றார், வருங்காலம் என்றார், நம் பேரக்குழந்தைகள் என்றார். எல்லாம் சரிதான். கடைசியில், "இந்தப் பகுதியில் புலம்பெயர் பறவைகள் எதுவும் வருவதில்லை. நிபுணர்களே வந்து ஆய்வு செய்திருக்கிறார்கள்" என்றார்.

மாமா எழுந்தார். அவருக்கு முன்னால் அத்தை எழுந்துவிட்டார். கையில் ஒரு சிமெண்டு சாக்கு. நேராகப் போய், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில், அந்த வெள்ளை மேஜை விரிப்பின் மேல் சாக்கைக் கவிழ்த்தார். அதிகாரி நாற்காலியோடு பின்னால் போனார்.

"இதுகெல்லாம் என்னுங்க, கோழியா?"

அதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார்.

"எந்த மாசமுங்க வந்து பாத்தீங்க?" என்றார் அத்தை.

"மே மாதம்."

"சித்திரை வெயில்லயா? அப்ப அதுகெல்லாம் அதுக ஊருக்குப் போயிருக்குமுங்க! ஞாயித்துக்கெழம பள்ளிக்கோடத்துக்கு வந்து பாத்துட்டு, இந்த ஊர்ல புள்ளைகளே இல்லீன்னு எழுதிட்டுப் போவீங்களா?"

கூடமே அதிர்ந்தது. இத்தனை பெரிய கம்பெனி, இத்தனை உயரக் காத்தாடி, வானத்தில் எவ்வளவு காற்று வருகிறது என்று வருஷக் கணக்கில் கம்பம் நட்டு அளந்தவர்கள். பறவை எப்போது வரும் என்று ஒரு சோளக்காட்டுக்காரியிடம் கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை. டீக்கடையில் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்களே! கேட்டால், பறவை இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களே என்றுதான் கேட்கவில்லையோ என்னவோ.

"பாருங்கம்மா, மெஷினை நிறுத்தினால் உற்பத்தி நஷ்டம்" என்று அதிகாரி குரலை இறக்கினார்.

நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன். "ஏனுங்க சார், ஆடியிலதான காத்து. இந்த மார்கழியில சாயங்காலம் அது சுத்தறதப் பாத்தா எங்க ஊட்டு சீலிங் பேனே தேவலைங்க. இப்ப என்னத்தைங்க பெருசா உற்பத்தி?"

அதிகாரி இன்ஜினியர் பையனைப் பார்த்தார். பையன் பிஸ்கட்டைப் பார்த்தபடியே, "குறைவுதாங்க சார் இப்ப. சாயங்காலத்துல ரொம்பக் குறைவு" என்றான். அன்றைக்கு அந்தப் பையனுக்கு வேலை போயிருக்கலாம். போகவில்லை.

அப்போதுதான் மாமா மேடைக்குப் போனார். மைக்கை வாங்கவில்லை. அவருக்கு எதற்கு மைக்?

"அய்யா! எங்கூர்ல தேரு இழுக்கறோம். சாமி குந்தியிருக்குது மேல. ஊரே இழுக்குது. ஆனாலும் முக்கு வந்தா சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்தறோம். ஏன்? எதுக்கால மனுசன் நிக்கறான், கால் மாட்டிக்கும்னு. சாமியே நிக்குது. உங்க காத்தாடி என்ன, சாமிக்கும் மேலயா?"

ஒருத்தரும் கை தட்டவில்லை. கை தட்டுகிற மாதிரியான பேச்சு இல்லை அது.

அதிகாரி வெகுநேரம் போனில் யார் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். குருவி இருக்கிற மாதங்களில், சாயங்காலம் அது கூட்டம் கூடுவதிலிருந்து இருட்டுகிற வரைக்கும் நான்கு காத்தாடிகளையும் நிறுத்துகிறோம், இந்த வருஷம் செய்து பார்ப்போம், புதிதாக நடுவது அதற்கு அப்புறம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த நேரத்தில் ஊரில் ஒரு காட்டிலும் ஹாரன் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் ஒப்பந்தம் இல்லை. ஹாரனுக்குக் கலைகிற குருவி இருட்டின பிறகும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும், அதுவரைக்கும் காத்தாடியை நிறுத்திவைக்க முடியாதாம்.

கூடத்தில் சலசலப்பு. "அப்ப எங்க சோளம்?" என்றது ஒரு குரல். சாயங்காலப் பந்திதான் பெரிய பந்தி; அதுதான் எல்லோருக்கும் தெரியுமே. பகலெல்லாம் விரட்டிக் காத்த கதிரைக் கடைசி நேரத்தில் விட்டுக்கொடுப்பதென்றால் சும்மாவா?

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். காடு முழுக்க அலறுகிற ஹாரன்கள் அத்தனையும் அவர் கையால் செய்தவை. அவருடைய சோளம்தான் மேட்டை ஒட்டி முதல் காடு. ஏரிக்குப் போகிற குருவி அங்கேதான் கடைசியாக இறங்கும்.

மாமா எங்கள் எல்லோரையும் ஒரு முறை முறைத்தார். "என் வாயக் கட்டறதுக்கு மெட்ராஸ்ல இருந்து ஆளு வந்திருக்குது பாரு" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தோம். தள்ளுவண்டியோடு தன் காட்டுக்கு அடுத்த காட்டில் நுழைந்தார். பக்கத்துக் காட்டுக்காரரின் ஹாரனைக் கழற்றி வண்டியில் போட்டார். அந்தக் காட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"பேசுனீன்னா உன் டிராக்டர் ஹாரனையும் கழட்டிருவேன்!"

மாமா காடுகாடாகப் போய் அத்தனையையும் கழற்றினார்.

அதன் பிறகு சாயங்காலம் நான் அவர் காட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரே காட்சிதான். நான்கு காத்தாடிகளும் மூன்று விரலை நீட்டிக்கொண்டு சும்மா நிற்கும். குருவிகள் மேகம் மாதிரி வந்து மாமாவின் சோளத்தில் கொட்டும். வரப்பில் குந்திக்கொண்டு மாமா திட்டுவார். ஆனால் மெதுவாக. வாழ்நாளில் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாத மனிதர், கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க மெதுவாகத் திட்டுவார்.

"தின்னு... தின்னு... உங்கொப்பன் ஊட்டுச் சோளம்..."

"மாமா, ரெண்டு கதிரு உங்களுக்கும் மிச்சம் வெப்பாங்களா?" என்று நான் அவர் காதுக்குள் குனிந்து கேட்பேன்.

"சத்தம் போடாத நாயே" என்று வாயசைப்பார்.

தை பிறக்கிற சமயம். காட்டை ஒட்டின ரோட்டில் ஒரு வெளியூர் லாரி, முன்னால் போன ஆட்டோவைப் பார்த்து ஹாரனை வைத்து அழுத்திக்கொண்டே வந்தது. மாமா வரப்பைத் தாண்டி, சோளத்தட்டையெல்லாம் மேலே கீற ஓடினார். நடு ரோட்டில் நின்று ஒரு கையைத் தூக்கினார், இன்னொரு கையால் வாயைப் பொத்திக் காட்டினார். டிரைவர் பயந்துபோய் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"என்னங்க பெரியவரே, வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லைங்களா?"

"இல்ல சாமி" என்றார் மாமா, மூச்சு வாங்க. "ஒறம்பரை வந்திருக்குது. விருந்து சாப்புட்டுட்டு இருக்காங்க. மெல்லப் போ."

டிரைவர் காட்டைப் பார்த்தான். காத்தாடியைப் பார்த்தான். கியரைப் போட்டு, சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போனான்.

இதை வைத்து அவரை ஒரு வருஷத்துக்கு ஓட்டலாமே என்று நான் வாயைத் திறந்தேன். மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். தூரத்தில் அடுத்த லாரியின் வெளிச்சம் தெரிந்தது.

"நீங்க போயிக் குந்துங்க மாமா" என்று சொல்லிவிட்டு, நான் நடு ரோட்டுக்குப் போய்க் கையைத் தூக்கினேன்.